ஹேண்டில்பார் உயர வேண்டும், ஆடக் கூடாது: மவுண்டன் பைக்குக்கு ஸ்டெம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மவுண்டன் பைக்கில் குனிந்து ஓட்டி ஓட்டிப் பிடரி வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது என்றால் ஹேண்டில்பாரை உயர்த்திவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கடைக்குப் போய்ச் சொன்னால், மேல்நோக்கிச் செங்குத்தாக எழும் ஒரு ஸ்டெம்மையோ (ஹேண்டில்பாரை வண்டியின் முன்குழாயோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம்), நடுவில் மூட்டு வைத்துக் கோணம் மாற்றக்கூடிய ஒன்றையோ எடுத்துக் காட்டுவார்கள். நானும் ஒரு மூட்டு ஸ்டெம்தான் வாங்கினேன். தார்ச்சாலையில் சுகமாக இருந்தது. கல் பாதையில் எழுந்து நின்று மிதித்த முதல் நாளே கிரீச்சென்று சத்தம் போட ஆரம்பித்தது. சில வாரங்கள் கழித்து ஓர் இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தியபோது ஹேண்டில்பார் மொத்தமாக ஒரு விரல்கடை கீழே இறங்கியது. விழவில்லை, ஆனால் அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

உயரமும் விறைப்பும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. வேண்டிய உயரம் முழுவதையும் ஸ்டெம்மிடமே கேட்டால் அது நீளமாகவும் செங்குத்தாகவும் ஆகி, கை அழுத்தும்போதெல்லாம் முறுக்கிக்கொள்ளும். அதனால் உயரத்தை ஸ்பேசர் (ஸ்டெம்முக்குக் கீழே அடுக்கும் வளையம்), ரைசர் பார் (மேலே வளைந்து எழும் ஹேண்டில்பார்), ஸ்டெம் என்று மூன்றுக்கும் பங்கு போட வேண்டும். ஸ்டெம்முக்குச் சிறிய பங்கே போதும். இந்த வழிகாட்டி அந்தப் பங்கீட்டைப் பற்றியதுதான்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன் சீட்டைச் சரிசெய்யுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி எடை முழுவதும் கையில் இறங்கும். அந்த வலிக்கு ஸ்டெம் மருந்தாகாது. சீட் உயரமும் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் சீட்டை ஏற்றினால் ஹேண்டில்பார் அதே அளவுக்குத் தாழ்ந்ததாக ஆகிவிடும்.

அப்புறம் சமதரையில் வண்டியை நிறுத்தி இரண்டு அளவுகளை எழுதி வையுங்கள்: தரையிலிருந்து கிரிப்பின் நடுப்பகுதி வரையான உயரம், சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரையான தூரம். இரண்டாவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பதால், ஹேண்டில்பார் உயர உயர அது நம்மை நோக்கியும் வரும். உயரம் கிடைத்த மகிழ்ச்சியில் தூரம் 3 செ.மீ. குறைந்ததைக் கவனிக்காவிட்டால், நிமிர்ந்த முதுகோடு முழங்கைகள் நெருக்கடியில் மாட்டிக்கொள்ளும்.

எத்தனை மி.மீ. உயர்த்துவது என்று தெரியாதவர்களுக்கு அந்த மூட்டு ஸ்டெம் ஓர் அளவுகோலாகப் பயன்படும். நண்பரிடம் இரவல் வாங்கி, சமதளச் சாலையில் மட்டும் ஓட்டி, 10 மி.மீ., 20 மி.மீ. என்று ஏற்றிப் பாருங்கள். பிடித்த நிலையில் அந்த இரண்டு அளவுகளையும் மறுபடி எடுத்துக்கொண்டு, ஸ்டெம்மைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் ஸ்டீரர் குழாயை வெளியிலிருந்து பற்றிக்கொள்ளும் ஸ்டெம்தான் இன்று பெரும்பாலான மவுண்டன் பைக்குகளில் இருக்கிறது. மேலே ஒரு மூடியும் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளும் தெரிந்தால் அது இந்த வகை. பழைய வண்டிகளில் குழாய்க்கு உள்ளே இறங்கி ஆப்பு போல இறுகும் குவில் ஸ்டெம் இருக்கும். அதில் உயர்த்துவது எளிது, தளர்த்தி இழுத்தால் போதும். ஆனால் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஒருபோதும் இழுக்காதீர்கள்.

அடுத்து விட்டங்கள். ஸ்டீரரின் மேற்பகுதி பெரும்பாலும் 28.6 மி.மீ., அதாவது 1⅛ அங்குலம். கீழே பெருத்து மேலே சிறுத்த ஸ்டீரரிலும் மேல்முனை இதே அளவுதான். விதிவிலக்குகளும் உண்டு. ஜயன்ட் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் 2 வண்டிகளில் மேல்முனை ஒன்றேகால் அங்குலம், சில கேனன்டேல் வண்டிகளில் ஒன்றரை அங்குலம். ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 25.4, 31.8, 35 மி.மீ. என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். பழைய வண்டிகளிலும் விலை குறைந்தவற்றிலும் 25.4 அதிகம்.

வெர்னியர் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அதை நீட்டி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். சுற்றளவு 80 மி.மீ. வந்தால் விட்டம் 25.4. 90 என்றால் 28.6, 100 என்றால் 31.8, 110 என்றால் 35. நான்கும் தெளிவாக விலகி நிற்பதால் நூலே போதும், தப்பாது.

கடைசியாக, ஸ்டீரரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர்கள் அடுக்கியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அவற்றைக் கீழே மாற்றினாலே உயரம் வந்துவிடும், செலவே இல்லை. குழாயை ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தால் இந்த வழி இல்லை. புது ஃபோர்க் வாங்குபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: முதல் மாதம் ஸ்டீரரை வெட்டாதீர்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

ஸ்பேசரும் ரைசர் பாரும்

ஹெட் ட்யூப் கோணம், அதாவது ஸ்டீரர் நுழையும் சட்டகக் குழாய் தரையோடு சாய்ந்திருக்கும் கோணம், 70 டிகிரியாக உள்ள வண்டியில் 10 மி.மீ. ஸ்பேசர் சேர்த்தால் ஹேண்டில்பார் 9.4 மி.மீ. உயர்ந்து 3.4 மி.மீ. பின்னால் வரும். இப்படி 20, 30 மி.மீ. வரை அலுமினிய ஸ்டீரரில் ஏற்றுவது சாதாரணம். அதற்கு மேல் போகப்போக, ஹெட்செட்டின் (ஸ்டீரர் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மேல் பேரிங்குக்கு மேலே எதுவும் தாங்காமல் நிற்கும் குழாயின் நீளம் கூடிக்கொண்டே போகும். அந்தக் குழாயே வளைய ஆரம்பிக்கும். எவ்வளவு விறைப்பான ஸ்டெம்மைப் போட்டாலும் அது நிற்கும் கம்பம் ஆடினால் பயனில்லை. கார்பன் ஸ்டீரர் என்றால் ஃபோர்க் தயாரிப்பாளர் சொன்ன ஸ்பேசர் எல்லையை ஒரு மி.மீ. கூடத் தாண்டாதீர்கள்.

வெட்டிய குழாயை மறுபடி நீட்டுவதற்கென்று ஸ்டீரர் எக்ஸ்டெண்டர் என்ற துண்டு விற்கிறார்கள். பூங்காவைச் சுற்றி வருபவருக்கு அது போதும். கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கணிப்பில் உயரத்துக்கான மிகச் சிறந்த வழி ரைசர் பார். நடுவிலிருந்து இரு பக்கமும் மேலே வளைந்து எழும் ஹேண்டில்பார் இது. 20, 30, 40, 50 மி.மீ. எழுச்சியில் கிடைக்கிறது, இன்னும் உயரமானவையும் உண்டு. ஸ்டெம்மின் நீளத்தைக் கூட்டாமலே இது உயரம் தருகிறது. அதிக எழுச்சியுள்ள பார் தானும் கொஞ்சம் வளையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வளைவு இரண்டு கைகளுக்கும் மென்மையாக வந்து சேரும். ஸ்டெம் முறுக்கிக்கொள்வது போல வண்டியின் போக்கைக் குழப்பாது.

கணக்குப் போடலாம்

ஸ்டெம்மில் ±6, ±7, ±17, 35 என்று கோணம் எழுதியிருக்கும். இது ஸ்டீரருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து எடுக்கும் கோணம், தரைமட்டத்திலிருந்து எடுப்பது அல்ல. ஃபோர்க் சாய்ந்திருப்பதால் 0 டிகிரி ஸ்டெம்கூடச் சற்று மேல்நோக்கித்தான் இருக்கும். தரைமட்டக் கோணம் வேண்டுமானால் 90-இலிருந்து ஹெட் ட்யூப் கோணத்தைக் கழித்து, அதோடு ஸ்டெம் கோணத்தைச் சேருங்கள். அந்தக் கோணத்தின் சைனை ஸ்டெம் நீளத்தால் பெருக்கினால் உயரம், கோசைனைப் பெருக்கினால் முன்னால் நீளும் தூரம். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஹெட் ட்யூப் 70 டிகிரி, தட்டையான ஹேண்டில்பார், 90 மி.மீ. ஸ்டெம் −6 டிகிரியாகக் கீழ்நோக்கி மாட்டியிருக்கிறது. பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத பழைய ஹார்ட்டெயில் வண்டிகளில் இப்படித்தான் வரும். இதில் ஸ்டெம் தரும் உயரம் சுமார் 22 மி.மீ., முன்தூரம் 87 மி.மீ.

அதே ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் +6 ஆகும். உயரம் 39, முன்தூரம் 81. பைசா செலவில்லாமல் கிட்டத்தட்ட 18 மி.மீ. கிடைத்துவிட்டது. பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும், அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்.

இன்னும் வேண்டும் என்றால் 90 மி.மீ. நீளத்தில் +17 டிகிரி ஸ்டெம் போடலாம். உயரம் 54, முன்தூரம் 72. பழைய நிலையைவிட 32 மி.மீ. உயர்வு. இப்போது இன்னொரு வழியைப் பாருங்கள். +6 டிகிரியில் 80 மி.மீ. ஸ்டெம்முக்கும் முன்தூரம் அதே 72தான். ஸ்டெம் தரும் உயரம் 35, அதோடு 38 மி.மீ. ரைசர் பாரை நிமிர்த்தி மாட்டினால் மொத்தம் 73. பழைய நிலையைவிட 51 மி.மீ. உயர்வு. முன்தூரம் மாறவில்லை, ஸ்டெம் 10 மி.மீ. குட்டையாகியிருக்கிறது, உயரமோ கூடியிருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு புரிந்த அன்றுதான் செங்குத்து ஸ்டெம் மீதிருந்த ஆசை போனது.

35 டிகிரி ஸ்டெம் 90 மி.மீ. நீளத்தில் 74 மி.மீ. உயரம் தரும், ஆனால் முன்தூரம் 52 ஆகச் சுருங்கிவிடும். பழைய தூரத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் 150 மி.மீ.க்கு மேல் நீளமான ஸ்டெம் தேவை. அப்படி ஒன்று கிடைத்தாலும் மலைப்பாதையில் அதை நம்பி எழுந்து நின்று மிதிக்க முடியாது.

புதிய வகை வண்டிகளில் கதையே வேறு. ஹெட் ட்யூப் 65 டிகிரி, ஸ்டெம் 40 மி.மீ. என்றால், −6-ஐ +6 ஆக்கினாலும் கிடைப்பது 8 மி.மீ.க்கும் குறைவு. குட்டை ஸ்டெம்மில் கோணத்தைத் தேடி அலைய வேண்டாம். அங்கே உயரம் ரைசர் பாரிலிருந்துதான் வர வேண்டும்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, நீளம். ஸ்டெம் என்பது ஒரு முனை இறுகிப் பிடிபட்டு, மறுமுனை வெளியே நீளும் நெம்புகோல். அந்த முனையில் அழுத்தினால் ஏற்படும் வளைவு நீளத்தின் மூன்றாம் மடியோடு கூடும். ஒரே குறுக்குவெட்டுள்ள இரண்டு ஸ்டெம்களில், 110 மி.மீ. வளைவதில் ஏறக்குறைய கால் பங்குதான் 70 மி.மீ. வளையும். ஒரு பக்கக் கிரிப்பை இழுத்து மறுபக்கத்தை அழுத்தும்போது ஸ்டெம் தன் அச்சில் துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கம் நீளத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். எழுந்து நின்று மேட்டில் மிதிக்கும்போது கையில் உணர்வது பெரும்பாலும் இதைத்தான். ஹேண்டில்பார் அகலமானால் நெம்பும் விசையும் கூடும், ஆகவே 780 மி.மீ. பாருக்கு மாறும்போது பழைய மெல்லிய ஸ்டெம்மின் பலவீனம் திடீரென்று வெளிப்படும்.

இரண்டாவது, ஸ்டெம் உடலின் பருமன். சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால் முறுக்க விறைப்பு விட்டத்தின் மூன்றாம் மடியாகக் கூடும். 25.4-இலிருந்து 31.8க்குப் போனால் கிட்டத்தட்ட இரு மடங்கு. 31.8-இலிருந்து 35க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எடையைக் குறைக்கச் சுவரை மெல்லியதாக்கிவிடுவதால் நடைமுறையில் இந்த லாபம் முழுவதும் வராது. இன்னும் 25.4-இல் இருப்பவர்கள் ஸ்டெம்மையும் பாரையும் சேர்த்து 31.8க்கு மாற்றுவது நல்ல முதலீடு. 31.8 வைத்திருப்பவர்கள் 35க்கு மாறுவதால் பெரிய மாற்றம் எதையும் உணர மாட்டார்கள். கை வலிக்காகவே உயர்த்துபவருக்கு 31.8தான் என் பரிந்துரை, ஏனென்றால் 35 மி.மீ. அலுமினிய பார்கள் சில கையை நன்றாகவே அடிக்கும்.

மூன்றாவது, உலோகம். இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 7075 அலுமினியம் 6061-ஐவிட விறைப்பானது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது விறைப்பு அல்ல, வலிமை. வளைந்து கொடுப்பதில் எல்லா அலுமினியக் கலவைகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மீள்குணகம் 70 கிகாபாஸ்கலையொட்டியே இருக்கும். 7075 உடைவதற்கு அதிக விசை தேவைப்படும் என்பதால் அதில் சுவரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. அதனாலேயே மிக இலேசான 7075 ஸ்டெம் ஒன்று, கனமான 6061 ஸ்டெம்மைவிட அதிகம் முறுக்கிக்கொள்ளக்கூடும். விறைப்புத் தேடுபவர் 30 கிராம் எடை கூடினால் கவலைப்படக் கூடாது.

மவுண்டன் பைக் பிறந்த காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976-இல் தொடங்கிய ரீபேக் இறக்கப் பந்தயங்களில் பழைய கனத்த சைக்கிள்களின் உயரமான, அகலமான ஹேண்டில்பார்களையே பயன்படுத்தினார்கள். ஆரம்பகால மவுண்டன் பைக்குகளைச் செய்த டாம் ரிச்சி, ஸ்டெம்மையும் ஹேண்டில்பாரையும் ஒன்றாகப் பற்றவைத்து புல்மூஸ் என்ற வடிவத்தைச் செய்தார். ஒரே குழாய்க்குப் பதிலாக இரண்டு குழாய்கள் விரிந்து சென்று பாரைத் தொடும், பார்ப்பதற்கு முக்கோணம். முக்கோணம் முறுக்கிக்கொள்ளாது. உயரமும் விறைப்பும் ஒரே பொருளில் கிடைத்தன, கோணத்தை மாற்றவே முடியாது என்பதுதான் அதற்குக் கொடுத்த விலை. ஓர் ஊரில் பழைய புல்மூஸ் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அழகான பொருள்.

ஆட்டம் ஸ்டெம்மிலிருந்துதானா?

பணத்தைச் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட்டின் மேல் விரலை வைத்தால் டக் டக் என்று அசைவு தெரிகிறதா? அப்படியானால் அது ஹெட்செட் தளர்வு, ஸ்டெம் மேல் பழி போடாதீர்கள். அடுத்து முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, ஒரு கிரிப்பைக் கீழே அழுத்தி மறு கிரிப்பை மேலே இழுங்கள். நண்பர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். பாரின் நுனிகள் மட்டும் வளைகின்றனவா, ஸ்டெம்மின் முன்முகம் சாய்கிறதா, கீழே ஸ்பேசர் அடுக்கு அசைகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். எது அசைகிறதோ அதை மாற்றுங்கள்.

கடையில் கையில் எடுக்கும்போது

பாரைப் பற்றும் முன்மூடியில் நான்கு போல்ட்டுகள் இருக்கட்டும். இரண்டு போல்ட் ஸ்டெம் சாலை வண்டிக்குப் போதும். மூடி அகலமாக இருந்தால் பாரை நீளமாகப் பற்றும். ஸ்டீரரைப் பிடிக்கும் பின்பகுதி 40 மி.மீ.யை ஒட்டிய உயரம் கொண்டதாக இருந்தால் நல்லது. ஸ்டெம் உடலின் நடுவில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி எடுத்த வடிவங்கள் அழகுக்கும் எடைக்கும் மட்டுமே, முறுக்கத்தைத் தாங்குவது மூடிய குழாய்தான். பாரைத் தொடும் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள், கூர்மையாக இருந்தால் அது பாரைக் கீறும், கீறிய இடத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். போல்ட் அருகே டார்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற முறுக்கு அளவு) அச்சிட்டிருக்கிறதா என்றும், மிதிவண்டிப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். நம்ப முடியாத விலையில் கிடைக்கும் பிரபல பிராண்டின் கார்பன் ஸ்டெம் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெம் உடைந்தால் முகம்தான் தரையில் போய் மோதும், இங்கே சிக்கனம் வேண்டாம்.

பொருத்துதல்

பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியைக் கழற்றி, ஸ்டெம்மை உருவுங்கள். வண்டி ஸ்டாண்டில் இருந்தால் ஃபோர்க் கீழே நழுவி விழும், கவனம். புது ஸ்டெம்மைப் போட்டதும் ஸ்டீரரின் நுனி ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். சமமாக இருந்தால் மேல்மூடி குழாயில் முட்டிக்கொண்டு ஹெட்செட்டை இறுக்காது. ஸ்டெம்முக்கு மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது, ஸ்டெம்மும் குழாயை முழுதாகப் பற்றும்.

வரிசை முக்கியம். முதலில் மேல்மூடி போல்ட்டை, ஹெட்செட் ஆட்டம் போகும் வரை மட்டும் மெதுவாக இறுக்குங்கள். ஹேண்டில்பார் தடையில்லாமல் திரும்ப வேண்டும். பிறகு சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை வைத்துப் பக்கவாட்டு போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். வண்டியைப் பிடித்து வைப்பது இந்தப் பக்கவாட்டு போல்ட்டுகள்தான், மேல்மூடிக்கு அந்த வேலை இல்லை. முன்மூடியின் நான்கு போல்ட்டுகளையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில ஸ்டெம்களில் மட்டும் மேல் இடைவெளியை முழுதாக மூடிவிட்டுக் கீழே இறுக்கச் சொல்லியிருப்பார்கள். எம்5 போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5, 6 நியூட்டன் மீட்டர் வரும், ஆனாலும் ஸ்டெம்மில் அச்சிட்ட எண்ணே இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஒருநாள் இரவல் வாங்குங்கள். கார்பன் பார் என்றால் கிரீஸ் தடவாதீர்கள், அதற்கென்று உள்ள பிடிப்புப் பசை போதும்.

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கியர் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகின்றனவா என்று பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். 50 மி.மீ. உயர்த்தினால் பல வண்டிகளில் கேபிள் எட்டாது. ஹைட்ராலிக் ஹோஸ் மாற்றினால் காற்றெடுக்கும் வேலையும் சேர்ந்து வரும், அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் சவாரியை வீட்டருகே வையுங்கள். பிரேக்கை அழுத்தி, எழுந்து நின்று, சின்னப் பள்ளங்களில் இறக்கி, பார் நழுவுகிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்ததும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள், இரண்டு மூன்று சவாரிகளுக்குப் பிறகு இன்னொரு முறையும்.

இறக்கங்களில் உடனே தைரியம் கூடும். எடை பின்னால் நகர்ந்திருப்பதால் முன்சக்கரம் தலைகுப்புறத் தள்ளாது. செங்குத்தான ஏற்றத்தில் அதே காரணத்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். சீட்டின் மூக்குக்கு நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி நெஞ்சைத் தாழ்த்தினால் அது அடங்கும். ஸ்டெம் குட்டையானதால் திருப்பமும் துடிப்பாகத் தோன்றும், ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும். அதற்குப் பிறகும் ஏற்றத்தில் சக்கரம் அலைந்தால் ஒரு 5 மி.மீ. ஸ்பேசரைக் கீழிருந்து மேலே மாற்றிப் பாருங்கள். எனக்குக் கடைசியில் சரியாக அமைந்தது, நான் முதலில் விரும்பிய உயரத்தைவிட 10 மி.மீ. குறைவான நிலை.